சீர் முன்னால், உப்பு பின்னால்

பழவேற்காட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற சாலையில் ஒவ்வொரு மரமும் தாவீதுக்குத் தெரியும். ஆனால் வண்டி அதைக் கடந்துபோன பிறகுதான் தெரியும். ஏழு வருஷமாக அவர் வேலை அப்படி. அப்துல் வஹாப் சாயபுவின் பிக்கப் வண்டி இரண்டு ட்ரெய்லர்களை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகும். கடைசி ட்ரெய்லரின் முன்மூலையில் ஒரு பலகை. அதில் பக்கவாட்டாக உட்கார்ந்து, ஒரு கையை பிரேக் தடியில் வைத்துக்கொண்டு, பின்னால் வருகிற பஸ்ஸையும் லாரியையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

“எங்க ஊட்டு மனுஷனுக்கு எதிர்ல வரது தெரியாது. எல்லாம் போனப்பறம்தான் தெரியும்” என்பாள் அவர் மனைவி விக்டோரியா. சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

ஆரம்பாக்கத்தில் பிறந்து இருபத்தைந்து வயதுவரை அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டியவர் தாவீது. யுத்த காலத்தில் பட்டாளத்து முகாமில் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். போனார். அங்கேதான் ட்ரெய்லர் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்டார். யுத்தம் முடிந்து பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது வஹாப் சாயபு ஒரு பிக்கப்பும் இரண்டு ட்ரெய்லர்களும் எடுத்தார். மாட்டவும் கழற்றவும் தெரிந்த ஆள் என்று தாவீதையும் கூடவே அழைத்து வந்தார். “வண்டியோட சேத்து என்னையும் ஏலத்துல எடுத்தாரு” என்று தாவீது சொல்வதுண்டு. அந்தப் பேச்சில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வண்டிக்கு ஒரு பர்மிட் காகிதம் உண்டு. தாவீதுக்குப் படிக்கத் தெரியாது. சாயபுவுக்குத் தூரத்துச் சொந்தமான டிரைவர் சிராஜ் ஒரு தடவை படித்துச் சொன்னதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு ட்ரெய்லருக்கும் பிரேக் பிடிக்கத் தெரிந்த ஓர் ஆள் இருக்க வேண்டும். சரக்கு ட்ரெய்லரில் பிரயாணி யாரும் ஏறக் கூடாது. வேகத்துக்கும் ஒரு கணக்கு போட்டிருந்தது. காகிதத்தில் இல்லாத சட்டம் ஒன்றும் தாவீதிடம் இருந்தது: கனத்த ட்ரெய்லர் வண்டியை ஒட்டி வர வேண்டும், லேசானது வாலில் வர வேண்டும். மாற்றி மாட்டினால் இறக்கத்தில் பின்னால் இருக்கும் கனம் முன்னால் இருப்பதைத் தள்ளும். தள்ளிக்கொண்டே இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். முகாமில் அப்படி ஆடிக் கவிழ்ந்த ஒரு ட்ரெய்லரை அவர் பார்த்திருக்கிறார். அதன் அடியிலிருந்து ஓர் ஆளை வெளியே எடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதைப் பற்றி அவர் விக்டோரியாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

ஐம்பத்து நாலாம் வருஷம், மழைக்கு முந்தின ஒரு வியாழக்கிழமை. மறுநாள் ஜும்மா முடிந்ததும் சாயபுவின் மகள் சைதாவுக்கு கும்மிடிப்பூண்டியில் நிக்காஹ். சீர்ச் சாமான்கள் அன்றே மாப்பிள்ளை வீட்டில் இறங்கியாக வேண்டும். அதே நாளில் கருவாட்டுக் கட்டுகளும் இருபது உப்பு மூட்டைகளும் மத்தியான கூட்ஸ் வண்டிக்கு ஸ்டேஷன் போய்ச் சேர வேண்டும். இரண்டையும் ஒரே நடையில் அனுப்புவது என்று சாயபு முடிவு செய்துவிட்டார்.

தாவீது காலையில் சாயபுவின் சரக்குக் கிட்டங்கிக்கு வந்தபோது ட்ரெய்லர்கள் மாட்டியாகியிருந்தன. முன் ட்ரெய்லரில் கட்டில், மெத்தைகள், பித்தளை அண்டாக்கள், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கண்ணாடி அலமாரி. பின் ட்ரெய்லரில் உப்பும் கருவாடும்.

“மொதலாளி, மாத்தி மாட்டிக்கிது. உப்பு முன்னால வரணும்.”

சாயபு வெற்றிலையை மென்றுகொண்டே திரும்பினார். “கருவாடு முன்னால போனா காத்து எங்க அடிக்கும்? மெத்த மேலதானே? எம் பொண்ணு மெத்த கருவாட்டு நாத்தத்தோட சம்பந்தி ஊட்டுல எறங்கணுமா?”

“அதுக்கில்ல மொதலாளி. பாலத்து எறக்கத்துல...”

“சீருக்கு முன்னால கருவாடு போச்சுன்னு நாளைக்கு ஊரே பேசும். நீயா வந்து பதில் சொல்லுவ?”

சுற்றி நின்ற மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். தாவீது பின் ட்ரெய்லரில் ஏறிப் பார்த்தார். மூட்டைகளை வாலில் அடுக்கியிருந்தார்கள். நான்கு மூட்டைகளைத் தானே இழுத்து முன்பக்கம் போட்டார். ஐந்தாவதைத் தொட்டபோது சாயபு, “கூட்ஸு உனக்காக நிக்காது” என்று குரல் கொடுத்தார்.

“ஜோசப்பு எங்க?” என்று தாவீது சிராஜைக் கேட்டார். ஜோசப் விக்டோரியாவின் தம்பி. முன் ட்ரெய்லருக்கு அவன்தான் பிரேக்.

“கெளுத்தி முள்ளு குத்திச்சாம் அண்ணாத்த. காலு பூசணிக்கா மாதிரி வீங்கிக்கினு படுத்துக்கிறான்.”

“அப்ப முன்வண்டிக்கு யாரு?”

சிராஜ் வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினான். வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, ஒரு கையில் குடையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக மரியம் பீவி வந்துகொண்டிருந்தார். சாயபுவின் அக்கா. புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்து, அந்த வீட்டை நடத்துகிறவர். சீரோடு குடும்பத்துப் பெண் ஒருத்தி சாவியும் கையுமாகப் போவது அவர்கள் வழக்கம்.

“பர்மிட்டுல இன்னா போட்டுக்குது? பிரேக்குக்கு ஒரு ஆள் இருக்கணும். அவ்ளோதானே? எங்க அக்கா ஆள் இல்லியா?” என்றார் சாயபு.

“பிரயாணி ஏறக் கூடாதுன்னும் போட்டுக்குது மொதலாளி.”

“பிரேக் இன்ஸ்பெக்டரு கேட்டா அவங்கதான் பிரேக்குன்னு சொல்லு!”

மரியம் பீவி யாரையும் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்: “அஞ்சு பெத்தவ நான். ஒரு இரும்புத் தடிய இழுக்கறது பெரிய வித்தையா?” மூட்டைக்காரர்கள் மறுபடியும் சிரித்தார்கள். அவர் மெத்தைச் சுருள்மேல் ஏறி உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டார்.

ஏழு வருஷத்தில் தாவீது அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. முதலாளி வீட்டுப் பெண்களிடம் வேலைக்காரர்கள் பேசும் வழக்கமில்லை. சொல்ல வேண்டியதைக் கதவுக்கு வெளியே நின்று பையன்களிடமோ சிராஜிடமோ சொல்லுவார்கள். அது உள்ளே போகும். அன்றும் தாவீது சிராஜைத்தான் கூப்பிட்டார்.

“தம்பி, பெரியம்மா கிட்ட தெளிவா சொல்லிடு. எந்தக் காலத்துலயும் அவங்க மட்டும் மொதல்ல தடிய இழுக்கக் கூடாது. வண்டி ஆடுனா நான்தான் பின்னால பிடிப்பேன். நான் பிடிச்சு, வண்டி நேரா வந்தப்பறம், நான் சொன்னாத்தான் அவங்க இழுக்கணும். முன்வண்டி நின்னு பின்வண்டி வந்துச்சுன்னா உப்பு மொத்தமும் அவங்க முதுகு மேல ஏறிடும். சொல்லுவியா?”

“சொல்றேன் அண்ணாத்த.”

சிராஜ் அவசரமாகப் போய், வண்டிப் பக்கம் நின்று, ஒரே வரியில் முடித்தான்: “மாமி, வண்டி ரொம்ப ஆடுச்சுன்னா அந்தத் தடிய இழுங்க.” பிறகு ஸ்டியரிங்கில் ஏறிவிட்டான்.

அந்த வரி தாவீதின் காதிலும் விழுந்தது. கூப்பிட்டுத் திருத்த வாயைத் திறந்தார். அதற்குள் சாயபு “போ போ போ!” என்று கையைத் தட்டினார். ஏறாமல் நின்றுவிடலாமா என்று தாவீது ஒரு கணம் யோசித்தார். நின்றால் நாளைக்கு வேறு ஆள். அந்த ஆளுக்குப் பிரேக் தெரியாது. வீட்டில் ஆறு வயிறு. அவர் ஏறிக்கொண்டார்.

பழவேற்காட்டை விட்டுக் கொஞ்ச தூரத்தில் கால்வாய்ப் பாலம். அடியில் உப்புப் படகுகள் போகவேண்டும் என்பதற்காக நடுவில் ஒட்டகத்தின் முதுகுபோல் உயர்த்திக் கட்டியது. அகலம் ஒரு வண்டிக்குத்தான். இரண்டு பக்கமும் முழங்கால் உயரக் கல்சுவர். மற்ற நாட்களில் தாவீது இங்கே வரும்போது பீடியைக் காதில் செருகிக்கொண்டு தடியை இரண்டு கையாலும் பிடிப்பார். அன்று கிட்டங்கியிலிருந்தே இரண்டு கையாலும்தான் பிடித்திருந்தார்.

தாவீதின் பலகைக்குப் பக்கத்திலிருந்து டிரைவர் இருக்கைவரை ஒரு கயிறு போகும். அதன் முனையில் மணி. ஒரு இழுப்பு என்றால் நில். இரண்டு இழுப்பு என்றால் போ. வேறு பாஷை அந்தக் கயிற்றுக்குத் தெரியாது.

ஏற்றத்தில் ஒன்றும் இல்லை. பிக்கப் முக்கிக்கொண்டு ஏறியது. வண்டிகளை இணைக்கும் சங்கிலிகள் விறைத்து நின்றன. உச்சியைத் தாண்டி பிக்கப்பின் மூக்கு கீழே இறங்கியது. முன் ட்ரெய்லர் இறங்கியது. கண்ணாடி அலமாரி ஒரு பக்கம் சாய்ந்து, அதில் ஆகாயம் ஒருமுறை புரண்டது. டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்த சிராஜுக்கு மனசு கேட்கவில்லை. அலமாரிக் கண்ணாடி உடைந்தால் கல்யாணத்துக்கு முந்தின நாள் அபசகுனம். காலைப் பிரேக்மேல் லேசாக வைத்தான்.

அந்தச் சமயம் பார்த்து உப்பு ட்ரெய்லர் உச்சியைத் தாண்டியது.

பலகைக்கு அடியில் ஒரு இடி வந்தது. பின்னால் இருந்த கனம் முழுவதும் முன்னே வந்து மோதியது. தாவீது திரும்பிப் பார்த்தார். முன் ட்ரெய்லரின் வால் இடது பக்கம் நகர்ந்தது. அவருடைய ட்ரெய்லர் வலது பக்கம் போனது. பிறகு இடது. பிறகு, இன்னும் அதிகமாக, வலது. மேலே கட்டியிருந்த கருவாட்டுக் கட்டு ஒன்று அவிழ்ந்து பறந்து தண்ணீரில் விழுந்தது.

குடை எங்கோ போயிருந்தது. மரியம் பீவி ஒரு கையால் மெத்தைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையை பிரேக் தடிமேல் வைத்துவிட்டார். அவருக்குச் சொன்னது அதுதானே. விரல்கள் மடங்குவது தாவீதுக்குத் தெரிந்தது.

“மரியம்! கைய எடு!”

தன் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

“எடு கைய! தொடாத! எடுடின்றேன்!”

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோ. கை தடியிலிருந்து விலகியது.

தாவீது தன் தடியை முழுபலத்தோடு பின்னுக்கு இழுத்தார். இரும்பு கத்தியது. சக்கரங்கள் பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்தன. சிராஜ் பயந்துபோய் பிரேக்கை இன்னும் அழுத்துகிறான் என்பது சங்கிலி தொய்ந்து கிடப்பதிலிருந்து தெரிந்தது. முன்னால் இழுக்க வேண்டும். பின்னால் பிடிக்க வேண்டும். அப்போதுதான் மூன்றும் ஒரே கோட்டில் வரும். கயிற்றை ஒரு தடவை இழுத்தால் அவன் நிறுத்திவிடுவான். நிறுத்தினால் எல்லாம் போச்சு. தாவீது தடியைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஒரு கையை விடுவித்து, கயிற்றை இரண்டு தடவை இழுத்தார்.

போ.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சிராஜுக்குப் பின்னால் உலகமே ஆடிக்கொண்டிருக்கிறது. இறக்கத்தில் இருக்கிறான். மணி போ என்கிறது. தாவீது மறுபடியும் இரண்டு இழுப்பு இழுத்தார். இடது சக்கரம் கல்சுவரில் உரசியது. ஒரு கல் பெயர்ந்து கால்வாயில் விழுந்தது. கீழே படகுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள்.

பிக்கப் உறுமியது. சிராஜ் காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரில் வைத்துவிட்டான். சங்கிலி விறைத்தது. ஆட்டம் ஒரு முழமாகக் குறைந்தது. பிறகு ஒரு சாணாக. பாலம் முடிந்து சாலை மட்டமான இடத்தில் மூன்று வண்டியும் நேராக வந்தன. அதன் பிறகும் இருபது கஜம் போகவிட்டுத்தான் தாவீது கயிற்றை ஒரு தடவை இழுத்தார்.

வண்டி நின்றது. சிராஜ் இறங்கி ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. “எறக்கத்துல போ போன்னு அடிக்கிறியே அண்ணாத்த! உனக்கு இன்னா பேய் புடிச்சிச்சா?”

“நீ பிரேக்குல கால வெச்ச இல்ல? அதுக்கு வைத்தியம் அதான்.”

முன் ட்ரெய்லரில் மரியம் பீவி இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை என்பதுபோல். கண்ணாடி உடையவில்லை.

தாவீது, பின் ட்ரெய்லர் சாலை ஓரத்துக்கு வரும்படி வண்டியை முன்னே எடுக்கச் சொன்னார். சக்கரங்களுக்குக் கல் வைத்தார். இணைப்பு ஆணியை உருவினார்.

“இன்னா பண்ற?”

“உப்பு இங்கயே நிக்கட்டும். ரெண்டாவது நடையில எடுத்துக்கலாம். நான் முன்வண்டி பிரேக்குல வரேன்.”

“கூட்ஸு போயிடும் அண்ணாத்த! மாமா என்னத் தோல உரிச்சிடுவாரு.”

“நான் கழட்டுனேன்னு சொல்லு.”

சிராஜ் மரியம் பீவியைப் பார்த்தான். அவர் கைகளை இறக்கிக்கொண்டார். மெதுவாகக் கீழே இறங்கி, துப்பட்டியைச் சரிசெய்து, பிக்கப்பின் முன் கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு கூடையோடு வந்து நின்ற அந்தப் பக்கத்து மீன்காரி குப்பம்மாளைக் காவலுக்கு வைத்தார்கள். “பாத்துக்கறேன். ஆனா நாலு கருவாடு எடுத்துக்குவேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றாள் அவள்.

“தண்ணியில விழுந்த கட்டு ஒண்ணு கீது, அத எடுத்துக்கோ” என்றான் சிராஜ்.

“அத மீனுங்க எடுத்துக்கினு போயிருக்கும். அதுங்க சாதி சனம்தானே!”

சீர் நல்லபடியாக இறங்கியது. வழியில் இருந்த மற்ற பாலங்களில் தாவீது பிரேக்கைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை. ஆனாலும் கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது இடது தோள் நீலமாக வீங்கி, கையை மேலே தூக்க முடியவில்லை. சம்பந்தி வீட்டில் கொடுத்த சோற்றை வலது கையால் சாப்பிட்டு முடித்தார். டம்ளரைப் பிடிக்க சிராஜ் உதவினான்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது, கால்வாய்ப் பாலத்தருகே உப்பு ட்ரெய்லருக்குப் பக்கத்தில் வஹாப் சாயபு நின்றிருந்தார். ஜட்கா வைத்துக்கொண்டு வந்திருந்தார். விஷயம் பாதி ஊருக்குப் போயிருந்தது. எந்தப் பாதி என்பது அவர் முதல் கேள்வியில் தெரிந்தது.

“எங்க அக்காவ பேர் சொல்லிக் கூப்பிட்டியாமே? ‘டீ’ போட்டுப் பேசுனியாமே? படகுக்காரன்லாம் சொல்றான்.”

“கூப்ட்டேன் மொதலாளி.”

“இன்னா தைரியம் உனக்கு?”

தாவீது வீங்கிய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். “காலையில சொல்ல வேண்டியத சிராஜ் கிட்ட சொன்னேன். அவன் சொன்னது வேற. பாலத்துலயும் சிராஜ் கிட்டயே சொல்லி, அவன் போய் சொல்றதுக்குள்ள அவங்க தண்ணிக்குள்ள இருந்திருப்பாங்க. நானும் இருந்திருப்பேன்.”

சாயபு சிராஜைப் பார்த்தார். சிராஜ் டயரைப் பார்த்தான்.

“கூட்ஸு போச்சு. அதுக்கு யாரு பதில் சொல்றது?”

“மாத்தி மாட்டுனவங்க சொல்லணும்.”

இந்த மாதிரி ஒரு பேச்சை தாவீது பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆரம்பித்தது ஆரம்பித்ததுதான். “மொதலாளி, சனிக்கெழம திரும்ப லோடு கீது. கனம் முன்னால இல்லன்னா நான் ஏற மாட்டேன். ரெண்டு வண்டிக்கு பிரேக் தெரிஞ்ச ரெண்டு ஆள் இல்லன்னாலும் ஏற மாட்டேன். வேற ஆள் பாத்துக்கறதுன்னா பாத்துக்கோங்க.”

“ஏறாட்டி போ! உன்ன உட்டா பேஜாராப் பூடுமா எனக்கு?”

அதைச் சொல்லிவிட்டு அவர் பாலத்தின்மேல் ஏறிப்போனார். கல் பெயர்ந்த இடத்தில் நின்று கீழே பார்த்தார். டயர் தேய்ந்த கறுப்புக் கோடு சுவரின் விளிம்புவரை போய்த் திரும்பியிருந்தது. அந்தக் கோட்டின்மேல் செருப்புக் காலை வைத்துப் பார்த்தார். கல் இல்லாத அந்த இடத்தில் கோட்டுக்கும் பாலத்தின் விளிம்புக்கும் நடுவே அவர் கால் அடங்கவில்லை. பிக்கப்புக்குள் உட்கார்ந்திருந்த அக்காவை ஒருமுறை பார்த்தார். அந்த அம்மாள் தம்பியைப் பார்க்கவில்லை. பிறகு ஜட்காவில் ஏறிப் போய்விட்டார்.

அன்று வீட்டில் விக்டோரியா தோளுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தாள். நடந்ததை முழுசாகக் கேட்டாள். கடைசியில், “நாளைக்கு நம்ம ஊட்டு அடுப்புக்கு யாரு மணி அடிப்பா?” என்றாள்.

சனிக்கிழமை காலை அவர் போவதா வேண்டாமா என்று ஒரு நாழிகை வாசலில் நின்றார். கடைசியில், இல்லையென்றால் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லட்டும் என்று கிளம்பினார். கிட்டங்கியில் சாயபு கணக்குப் பிள்ளையோடு எதையோ பேசிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

ஜோசப் இன்னும் வரவில்லை. பிக்கப்பின் பின்னால் ஒரே ஒரு ட்ரெய்லர்தான் மாட்டியிருந்தது. இன்னொன்று வேப்பமரத்தடியில், இரண்டு சக்கரத்துக்கும் கல் வைத்து நின்றது. மாட்டியிருந்த ட்ரெய்லரில் மூட்டைகள் முன்பக்கமாகவே அடுக்கியிருந்தன. தாவீது ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். ஆணியை இழுத்துப் பார்த்தார். சங்கிலியைக் காலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு வலது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

“போலாமா அண்ணாத்த?” என்று சிராஜ் முன்னாலிருந்து கத்தினான்.

தாவீது கயிற்றை இரண்டு தடவை இழுத்தார்.